கொழுத்த மண் வேண்டாத செடிகள்

நாட்டுச் செடி என்றால் நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், தானே வளரும் என்பார்கள். வேலியோரத்தில் யாரும் சீந்தாமல் பூத்து நிற்கும் ஆவாரையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது நிற்பது வேலியோரம். வீட்டுத் தோட்டம் வேறு நிலம். அடியில் கட்டட வேலையின்போது கொட்டிய செங்கல் துண்டுகளும் காரைக் கட்டிகளும் கிடக்கின்றன. மேலே வருடக்கணக்காகப் போட்ட எருவும், தினமும் ஊற்றிய தண்ணீரும் ஊறியிருக்கின்றன. இப்படியொரு மண்ணை ஆவாரை கண்டதில்லை. முதல் வருடம் நாட்டுச் செடிக்கு ரோஜாவைவிட அதிக வேலை வைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் அனுபவம். அதில் பாதி வேலை, வழக்கமாகச் செய்யும் உபசாரத்தை நிறுத்துவது.

நான் எடுத்துக்கொண்டது சுற்றுச்சுவரை ஒட்டிய நீளமான ஒரு பாத்தி. பகலில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் விழும் இடம். வறண்ட சமவெளிக் காலநிலை. நாட்டுச் செடிப் பட்டியல் என்பது மழைக்கும் மண்ணுக்கும் கட்டுப்பட்டது என்பதால், மலைச்சரிவில் தோட்டம் வைத்திருப்பவருக்கு என் பட்டியல் உதவாது. உயரத்துக்கு நொச்சியும் எருக்கும், நடுவில் ஆவாரை, காலடியில் தும்பையும் கிலுகிலுப்பையும், படர்வதற்குக் கொடிப்பாலையும் ஈஸ்வரமூலியும், மூலையில் முள்ளோடு ஓர் ஆதொண்டை. எல்லாமே தென்னிந்தியச் சமவெளிகளில் தானாக விளைபவை.

பட்டியல் போடும்போது பழக்கம் குறுக்கே வரும். சிறுவயதிலிருந்து பார்த்த செடியெல்லாம் நம் மண்ணின் செடி என்று மனம் அடம்பிடிக்கும். நித்தியகல்யாணி மடகாஸ்கரைச் சேர்ந்தது. காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்தும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோவிலிருந்தும் வந்தவை. உண்ணிச்செடியை அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது காடு காடாக அடைத்துக்கொண்டிருக்கிறது. வண்ணத்துப்பூச்சி வரும் என்று சொல்லி அதை நடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வரும், பொய்யில்லை. தேனைக் குடித்துவிட்டு, முட்டையிட வேறு செடி தேடிப் போய்விடும்.

தேனுக்கு எந்தப் பூவானாலும் சரி. புழுவுக்கு அந்தச் சமரசம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்று ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழு தின்பது ஈஸ்வரமூலி இனத்தைச் சேர்ந்த உள்ளூர்க் கொடி ஒன்றை. அதே இனத்தில் தென் அமெரிக்கக் கொடி ஒன்றை அழகுக்காகத் தோட்டங்களில் வளர்க்கத் தொடங்கினார்கள். தாய்ப்பூச்சி வாசனையில் ஏமாந்து அதிலும் முட்டையிடுகிறது. பொரித்த புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்துப்போகின்றன. பெரிய பெரிய பூ வைக்கும் வெளிநாட்டு ரகத்தை விட்டுவிட்டு, கண்ணுக்கே தெரியாத சிறு பூ வைக்கும் ஈஸ்வரமூலியை நான் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

முதலில் மண். ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது முழுக்க இறங்கிய பிறகு மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் வடிகால் சரியில்லை. என் பாத்தியில் சுவரின் ஒரு கோடியில் நன்றாக இறங்கியது. மறுகோடியில் தண்ணீர் அப்படியே நின்றது. கடப்பாரையால் குத்திப் பார்த்தபோது அடியில் ஒரு பாளமாகக் காரை இறுகிக் கிடந்தது தெரிந்தது. அதை உடைத்து எடுத்ததுதான் இந்த மொத்த வேலையிலேயே முதுகை ஒடித்த பகுதி. எடுக்காமல் விட்டால் தண்ணீர் தேங்குவதோடு போகாது. காரையிலிருந்து கரையும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இளம் இலைகள் மஞ்சளித்துப் போகும்.

அடுத்து, மேலிருந்த எருவேறிய கறுப்பு மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டியெடுத்துக் காய்கறிப் பாத்திக்கு மாற்றினேன். பார்த்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. நல்ல மண்ணை எடுத்துவிட்டுச் சரளை கலந்த செம்மண்ணைக் கொட்டுவதா? ஆமாம். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த மண்ணில் ஆவாரை நெடுநெடுவென்று வளரும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு இளகிப்போய், முதல் காற்றிலேயே சாயும். இலை மண்டும், பூ குறையும். கிலுகிலுப்பையின் கதை வேறு. அது வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலிருக்கும் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் செடி. மண்ணிலேயே கொட்டிக் கிடந்தால் முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். (ஆவாரையும் இதே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதற்கு வேர் முடிச்சு வைக்கும் வழக்கமில்லை.) கடைசியாகப் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி மேட்டுப் பாத்தியாக்கினேன். எரு, மண்புழு உரம், தென்னை நார்க் கழிவு எதுவும் சேர்க்கவில்லை.

இனி விதை. இந்தச் செடிகளில் பெரும்பாலானவை நாற்றாகக் கிடைப்பதில்லை. விதையாகப் பொறுக்கித்தான் வளர்க்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் போய்ப் பறிக்கக் கூடாது; சாலையோரமும் தரிசும் போதும். ஒரே செடியிலிருந்து கை நிறைய எடுப்பதைவிடப் பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகளாக இருந்தால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

ஆவாரை நெற்று காய்ந்து பழுப்பானதும் பறிக்கலாம். உள்ளே விதைகள் தனித்தனி அறையில் பளபளவென்று இருக்கும். அப்படியே விதைத்தால் ஒன்றிரண்டு முளைக்கும். மீதி மண்ணுக்குள் கல்லாகக் கிடக்கும். மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரே மழையில் எல்லாம் முளைத்து, அடுத்து மழை பொய்த்தால் ஒரேயடியாகக் காய்ந்துபோகாமல் இருப்பதற்கு அந்தச் செடி செய்திருக்கும் ஏற்பாடு இது. தோட்டக்காரர் அந்தப் பூட்டை உடைக்க வேண்டும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, சிறிது ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி, ஓர் இரவு அப்படியே விட்டேன். காலையில் பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தன. ஒரு பகுதி பருத்து, நிறம் வெளுத்து, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. மறுபகுதி ஊற்றியபோது எப்படியோ அப்படியே. பருத்ததை உடனே விதைத்தேன். பருக்காததை ஒவ்வொன்றாக எடுத்து, உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்தேன். தோலின் நிறம் மாறி உள்வெண்மை இலேசாகத் தெரியும்போது நிறுத்திவிட வேண்டும். முளை இருக்கும் கூரிய முனையைத் தேய்க்கக் கூடாது. தேய்த்ததை மறுபடி ஊறப்போட்டால் அதுவும் பருத்துவிடும். கிலுகிலுப்பைக்கும் இதே வைத்தியம்தான். அதன் நெற்றை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். கலகலக்காவிட்டால் இன்னும் முற்றவில்லை.

எருக்குக்கும் கொடிப்பாலைக்கும் பூட்டு கிடையாது. அங்கே கவலை வேறு. காய் வெடித்த மறுகணம் விதை பஞ்சோடு பறந்துவிடும். வெடிப்பதற்குச் சற்று முன், காயின் முதுகில் கோடு தெரியும்போது, மெல்லிய துணியால் கட்டிவிட வேண்டும். பஞ்சை நீக்கி, புதிதாகவே விதைத்துவிட்டால் சுலபமாக முளைக்கும். எருக்கைக் கையாளும்போது கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். அதன் பால் கண்ணில் பட்டால் வலிக்கும் என்று எதிர்பார்ப்போம். வலியே பெரிதாக இல்லாமல் பார்வை மங்கிப்போகும், கருவிழி வீங்கும். வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஈஸ்வரமூலியின் காயைப் பார்த்தாலே ஆசையாக இருக்கும். முற்றியதும் அடியிலிருந்து மேலாகப் பிளந்து, காம்பும் இழை இழையாகப் பிரிந்து, தலைகீழாகத் தொங்கும் பாராசூட் போல ஆடும். உள்ளே தட்டையான முக்கோண விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். முளைப்பதற்கு நாள் எடுக்கும், ஒன்றாகவும் முளைக்காது. ஈரம் காயாமல் நிழலில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதன் எந்தப் பகுதியையும் மருந்து என்று சொல்லி வாயில் போடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த இனத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

தும்பை விதை பொடி. மண்மேல் தூவி இலேசாக அழுத்திவிட்டால் போதும், புதைத்தால் வராது. நொச்சிக்கு விதையே வேண்டாம். பென்சில் பருமனில் முற்றிய குச்சியை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். ஆதொண்டையின் பழம் சிவந்ததும், பறவைகள் முந்திக்கொள்வதற்குள் எடுத்து, சதையை நன்றாகக் கழுவிவிட்டு உடனே விதைக்க வேண்டும்.

வறண்ட நிலத்துச் செடி முளைத்தவுடன் செய்யும் முதல் காரியம் ஆணிவேரை இறக்குவது. மேலே இரண்டு இலை இருக்கும்போதே கீழே வேர் பை அடியைத் தொட்டிருக்கும். அதனால் அகலமான தொட்டி வீண். உயரமான குறுகலான பைதான் சரி. வேர் அடியில் சுருளத் தொடங்குவதற்குள் நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். நான் மாற்றியது மழைக்காலத் தொடக்கத்தில். குழியில் எரு போடாமல், தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு அழுத்தினேன். நட்டபோது பாத்தி வழுக்கையாகத் தெரிந்தது. இடைவெளியை அடைக்கக் கை துறுதுறுக்கும்; ஆவாரைக்கு ஒரு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும் என்பதை நினைத்து அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில்தான் தும்பையைத் தூவினேன்.

தண்ணீரில்தான் பலர் தோற்கிறார்கள், இரண்டு விதமாகவும். நாட்டுச் செடிதானே என்று நட்ட மறுநாளே விட்டுவிடுபவர் ஒருவர். தினமும் சாயங்காலம் பூவாளியோடு வந்து மேலாகத் தெளித்துவிட்டுப் போகிறவர் இன்னொருவர். இரண்டாமவர் செய்வது அதிகக் கெடுதல். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும், கோடை வந்ததும் வெந்துபோகும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் மட்டும், தண்ணீர் ஓர் அடி ஆழம் இறங்கும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். பிறகு விரல் காய்ந்த மண்ணைத் தொடும்வரை பாத்திப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இந்த இடைவெளியை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டே போனேன். முதல் கோடை முழுக்க இப்படித் தண்ணீர் தேவைப்பட்டது. இரண்டாம் கோடையில் ஆவாரையும் எருக்கும் நொச்சியும் கேட்கவில்லை. ஈஸ்வரமூலி மட்டும் கேட்டது. அதற்கு அரை நிழலும் கொஞ்சம் ஈரமும் தேவை.

காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டேன், தண்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி. ஆனால் பாத்தியில் ஒரு பகுதியை வெறும் மண்ணாகவே விட்டிருக்கிறேன். கூட்டமாக வாழும் தேனீயை மட்டும் நாம் அறிவோம். உலகத்துத் தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனித்து வாழ்ந்து மண்ணுக்குள் கூடு வைப்பவை. எல்லா மண்ணையும் மூடிவிட்டால் அவற்றுக்கு வாசல் இல்லை.

இனி விருந்தாளிகள். முதலில் வந்தது அசுவினி, தளிரில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. எருக்கின் இளந்தளிரில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் அப்பிக்கொண்டு உட்கார்ந்தது. வேப்பெண்ணெய் தெளிக்கத் தோன்றும். தெளித்தால் அசுவினியோடு மற்ற எல்லாமும் போகும். எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாளில் கறுப்பும் ஆரஞ்சுமாக, நீண்ட உடலும் ஆறு காலும் கொண்ட விகாரமான சிறு பூச்சிகள் அசுவினிக் கூட்டத்துக்குள் நடமாடின. இவை பொறிவண்டின் புழுக்கள். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டை எல்லோருக்கும் பிடிக்கும். அதன் குழந்தையைத் தீமை செய்யும் பூச்சி என்று நினைத்து நசுக்குபவர்கள் அதிகம். அசுவினியை வெறித்தனமாகத் தின்பது அந்தக் குழந்தைதான்.

எருக்குக்கு அடுத்து வந்தது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி. இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக, ஒன்றே ஒன்றாக முட்டை வைக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளுமாகப் புழு வளரும். அது தின்னும் விதத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எருக்கிலையைக் கடித்தால் பால் பீறிட்டு வாயை ஒட்டிவிடும். எனவே எடுத்தவுடன் தின்னாது. முதலில் ஓரிடத்தில் நரம்பைக் கடித்து வெட்டி, பால் வடியவிட்டு, அப்புறம் அந்த வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதியைச் சாவகாசமாகத் தின்னும். பாலில் இருக்கும் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைக்கும். வளர்ந்த வண்ணத்துப்பூச்சியையும் பறவைகள் தீண்டாமல் இருப்பது அதனால்தான்.

ஆவாரைப் பூவுக்கு வரும் தச்சுத் தேனீயைப் பார்ப்பதைவிடக் கேட்க வேண்டும். ஆவாரையில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் ஒரு சிறு துளை மட்டும் உள்ள மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கிறது. தேனீ பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். மகரந்தம் துளை வழியாகச் சிதறி அதன் வயிற்றில் அப்பும். பூ பூவாக அந்தச் சத்தம் ஏறி ஏறி இறங்கும்.

கிலுகிலுப்பையைக் காய்ந்த பிறகும் பிடுங்க வேண்டாம். வரியன் வகை ஆண் வண்ணத்துப்பூச்சிகள் வாடிய தண்டையும் காயையும் கூட்டமாக மொய்த்துச் சுரண்டும். அதிலிருக்கும் கசப்பான காரப்பொருளை எடுத்துத்தான் அவை பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன. பூவில்லாத சருகில் இத்தனை கூட்டம் எதற்கு என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, களையெல்லாம் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறீர்கள்? இலையெல்லாம் ஓட்டை வேறு” என்றார். “ஓட்டை விழத்தான் ஐயா வைத்திருக்கிறேன்” என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பகுதி வீட்டுத் தோட்டங்களில் கரோலினா சிக்கடி என்னும் சிறு பறவையை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. தோட்டத்துத் தாவரங்களில் உள்ளூர் இனங்களின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே போனால், குஞ்சுகளுக்குக் கொடுக்கப் புழு போதாமல் அந்தப் பறவையின் எண்ணிக்கை தாக்குப்பிடிக்காது என்று கண்டார்கள். அது அந்தப் பறவையின் கணக்கு. எண்ணை அப்படியே நம் தோட்டத்துக்குப் பெயர்த்துவைக்க முடியாது. ஆனால் ஓட்டை விழாத இலை ஒரு குஞ்சுக்கும் உதவாது என்ற அளவில் அது எங்கும் பொருந்தும்.

அவர் சொன்ன களை விஷயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முளைவிட்ட தும்பையும் களையும் ஒன்றுபோலத்தான் தெரியும். தும்பையின் தண்டை விரலில் உருட்டினால் உருளாது, நான்கு பட்டை இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டுப் பிடுங்கிவிட வேண்டும். கோரையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளே நின்று இன்னும் அதிகமாக வரும். களைக்கொட்டால் கிழங்கோடு தோண்டியெடுக்க வேண்டும். பாத்தியின் சுவரோர விளிம்பில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

இப்போது செய்துகொண்டிருப்பது கவாத்து. ஆவாரை காய்த்து ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். கூசாமல் வெட்டலாம், அடியிலிருந்து கிளைத்து வரும். வெட்டுவதற்கு முன் கிளைகளில் கூட்டுப்புழு தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதொண்டை கொக்கி முள்ளோடு நடைபாதைப் பக்கம் கை நீட்டத் தொடங்கியிருக்கிறது. அதைச் சுவரின் மேல் ஏற்றிவிடக் கம்பி இழுக்க வேண்டும். தடித்த தோல் கையுறை கிடைத்ததும் அந்த வேலை.